கொல்லையில் பாவ எந்தக் கல்: கடப்பாவா, கருங்கல்லா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கை போன வாரம் போன் செய்தாள். "அக்கா, உன் கொல்லையில போட்ட கருங்கல்லையே நானும் போட்டுடட்டுமா? இல்ல, பக்கத்து வீட்டுல போட்ட மாதிரி கடப்பா போதுமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. 2016ல் யாரோ சொன்ன ஒரே வார்த்தையை நம்பித்தான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் கொல்லை முழுவதும் கடப்பா பதித்தேன். 2025 மாசியில் அத்தனையையும் பெயர்த்துவிட்டு வேறு கல் போட்டேன். இரண்டு தடவை செலவு, இரண்டு தடவை வீடு முழுக்கத் தூசி. அவளுக்கு அது வேண்டாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

என் கொல்லை 20 அடிக்கு 15 அடி, 300 சதுர அடி. கெடிலம் ஆற்றுப் பக்கத்து மண். வெயிலில் வெடிக்கும், மழையில் களியாகக் குழையும். 2016ல் வேலை செய்தவர்கள் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, அதன்மேல் கலவை வைத்து, இரண்டுக்கு இரண்டு அடிக் கடப்பாப் பலகை 75 பதித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கருகருவென்று, கழுவிவிட்டால் வானம் தெரியும். வேலை முடிந்த அன்று கல்மேல் ஒட்டியிருந்த சிமெண்டைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். காய்ந்ததும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. கடப்பா சுண்ணாம்பு வகைக் கல். ஆசிட் பட்டால் அதன் மேல்தோல் கரைந்துவிடும். அவர்களும் அதை யோசிக்கவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. இரண்டு மூன்று கோடையில் மீதிக் கறுப்பும் சாம்பல் நிறமானது. அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரில் புகுந்தது. ஆற்று வெள்ளத்துக்குக் கொல்லைக் கல்லைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறு வருவதற்கு முன்பே, எங்கள் கொல்லையில் பெய்த மழையே அடுப்படி வாசற்படியைத் தாண்டியிருந்தது. 300 சதுர அடியில் 1 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 280 லிட்டர். 45 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 12,500 லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் லாரி. அதில் பாதியே எங்கள் வீட்டில் விழுந்திருந்தாலும் 6,000 லிட்டருக்கு மேல் வரும். கான்கிரீட் அதில் ஒரு சொட்டைக்கூடக் கீழே விடவில்லை. மூலையில் இருந்த ஒரே வடிகால் துளையை வேப்பிலை அடைத்துக்கொண்டது. அம்மாவுக்கு 78 வயது. அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, விடிய விடிய முறத்தாலும் வாளியாலும் தண்ணீரை வாரி ஊற்றினோம்.

அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது. நம் ஊரில் கொல்லைக்குக் கல் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, விழுகிற தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான். நிறம், பளபளப்பு, விலை எல்லாம் அப்புறம்.

கற்களைப் பற்றிச் சொல்லும் முன் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைத் தள்ளிப்போட முடியாது. குளிர் நாடுகளில் கொல்லைக் கல் வேலையை வசந்தத்தில் தொடங்குவார்கள். குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்து கல்லை மேலே தள்ளும். அது இளகிய பிறகு எது தூக்கிக்கொண்டிருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய அதுதான் நேரம். அவர்கள் சொல்கிற அடித்தள ஆழத்தில் பெரும்பங்கு அந்த உறைபனிக்காகச் சேர்ப்பது. நமக்கு உறைபனி கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேலானதை ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிற வடகிழக்குப் பருவமழைதான் நம் கல்லை அசைக்கிறது. அதனால் பஞ்சாங்கத்து இளவேனில் சித்திரையில் பிறந்தாலும், நாம் மாசியிலேயே தோண்டிவிட வேண்டும். அப்போது மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், கடப்பாரை இறங்கும், திமிசு போட்டால் மண் கெட்டிப்படும். சித்திரையில் களிமண் இறுகிப் போய்விடும். அக்னி நட்சத்திர வெயிலில் ஆட்களைக் கல் தூக்கச் சொல்வதும் நியாயமில்லை. பங்குனிக்குள் பாவி முடித்துவிட்டால், கோடையில் பெய்கிற ஒன்றிரண்டு மழையிலேயே எந்த இடம் தாழ்கிறது என்று தெரிந்துவிடும். ஐப்பசிக்கு முன் சரிசெய்துகொள்ளலாம்.

சரி, கற்களுக்கு வருவோம்.

கடப்பா ஆந்திராவிலிருந்து வருகிறது. தெலங்கானாவின் தாந்தூர், கர்நாடகத்தின் ஷாபாத், ராஜஸ்தானின் கோட்டா எல்லாம் அதே சுண்ணாம்புக் கல் குடும்பம்தான். அடுக்கடுக்காகப் படிந்து உருவான கல் என்பதால் பலகை பலகையாகப் பிளக்க வரும். அதனால்தான் மட்டமாகவும் மெல்லியதாகவும் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஒரு அங்குலக் கனத்தில் சதுர அடிக்கு ஆறேகால் கிலோதான் இருக்கும். இரண்டடிப் பலகையை ஒரே ஆள் தூக்கிவிடுவார். அம்மா மாதிரி கைத்தடியோடு நடப்பவர்களுக்கு இவ்வளவு சமமான தரை வேறு எதிலும் வராது. வடகம் பிழியவும், அரிசி உலர்த்தவும், துணி துவைக்கவும் அருமையான கல். அதன் குறைகள் வெயிலிலும் மழையிலும்தான் தெரிகின்றன. கறுப்பு நிறம் வெயிலை அப்படியே குடிக்கும். வைகாசி மத்தியானத்தில் வெறுங்காலோடு நாலடி நடக்க முடியாது. கார்த்திகையில் பாசி பிடித்துவிட்டால் வழுக்கும், மெருகேற்றிய கல்லாக இருந்தால் இன்னும் மோசம். வெயில் அடிக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கல்தான் வேண்டும் என்றால் மஞ்சள் தாந்தூர் கடப்பாவைவிடக் குறைவாகச் சுடும். மெருகு போடாமல், இயற்கையாகப் பிளந்த முகத்தோடு கேட்டு வாங்குங்கள்.

இந்தக் குடும்பத்தின் பெரிய சிக்கல் கனம். ஒரு அங்குலக் கல்லை ஜல்லிமேல் வெறுமனே வைத்தால் நடுவில் விரிசல் விட்டுவிடும். அதற்குக் கீழே கான்கிரீட் வேண்டும். கான்கிரீட் போட்டாலே தண்ணீருக்கு வழி அடைபட்டது. அதாவது கல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அடித்தளத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். 2016ல் நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

கருங்கல்லுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. திருவக்கரை என்றதும் கல்மரப் பூங்கா நினைவுக்கு வரும். மரங்கள் கல்லாகிப் படிந்திருக்கும் அந்த மணற்பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூரின் பெயர்தான். அந்த மணற்கல் இளகியது, கொல்லைக்கு ஆகாது. குவாரியில் வெடிவைத்தும் ஆப்பு அடித்தும் பிளப்பது அதைவிட எத்தனையோ மடங்கு பழைய, கெட்டியான பாறை. உப்புக்காற்றைக் கருங்கல் எப்படித் தாங்கும் என்று சந்தேகம் இருந்தால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களைப் போய்த் தொட்டுப் பாருங்கள். 1750ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை. கடலுக்கு நேர் எதிரில் நிற்கின்றன. செதுக்கு வேலை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

கொல்லைக்கு வேண்டிய கருங்கல் மூன்று விதமாகக் கிடைக்கும். கையால் பிளந்த பலகை ஒன்று. இரண்டிலிருந்து மூன்று அங்குலம் வரை கனம் ஏறி இறங்கும், விளிம்பு நேராக இருக்காது, ஆனால் கால் வழுக்கவே வழுக்காது. மெஷினில் அறுத்து நெருப்புக் காட்டியோ கொத்தியோ முகத்தை முரடாக்கிய பலகை இரண்டாவது. மட்டமாக இருக்கும், விலையும் கூடும். மூன்றாவது, கிரானைட் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகள். முக்கால் அங்குலக் கனம்தான் வரும், ஒரு பக்கம் பளபளவென்று மெருகேறியிருக்கும். அதைத் திருப்பிப்போட்டு, மெருகில்லாத முகம் மேலே தெரிய, சிமெண்டுக் கலவைமேல் பதித்தால் சிறு நடைபாதைக்குப் போதும். மெருகு முகத்தை மேலே வைத்து வெளியிடத்தில் பதிப்பதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் மழையிலேயே யாராவது விழுவார்கள்.

நான் எடுத்தது கையால் பிளந்த பலகை. இரண்டு அங்குலத்துக்குச் சதுர அடிக்குப் பன்னிரண்டரை கிலோ வருகிறது. இரண்டுக்கு இரண்டு பலகை 50 கிலோ, இரண்டு ஆள் வேண்டும். 300 சதுர அடிக்கு ஏறக்குறைய நாலு டன். சந்து குறுகலான வீடாக இருந்தால் லாரி நிற்கும் இடத்திலிருந்து கொல்லைக்குச் சுமக்கும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் அடியும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், ஒன்றைப் பொருத்தி மட்டம் பார்ப்பதற்குள் கடப்பாவில் மூன்று பதித்துவிடலாம். எனக்கு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் எட்டு நாள் வேலை செய்தார்கள். கல் விலையில் மிச்சமாவது கூலியில் போய்விடும். ஆனால் இவ்வளவு கனமான கல்லுக்குக் கீழே கான்கிரீட் வேண்டாம், அந்தச் செலவு இல்லை. பின்னால் குழாய் பதிக்கவோ வேர் தூக்கியதைச் சரிசெய்யவோ பெயர்த்தால், அதே கல்லை உடையாமல் திரும்ப வைக்கலாம்.

செம்புறாங்கல்லைப் பற்றித் தங்கை கேட்கவில்லை, ஆனால் கேட்பாள். லாஸ்பேட்டைச் செம்மண்ணோடு அது அவ்வளவு அழகாக ஒட்டும். வெட்டி எடுக்கும்போது இளகியிருந்து காற்றுப் பட்டு இறுகுகிற கல். உடம்பெல்லாம் துளை. அந்தத் துளையில் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். தினமும் நடக்கிற இடத்தில் தேய்ந்து செந்தூள் உதிரும், வெள்ளை வேட்டி கட்டியவர் அதன்மேல் உட்கார முடியாது. பூச்செடிப் பாத்திக்கு வரப்பாக, வாழைக்குழிக்கு ஓரமாக வையுங்கள். நடக்க வேண்டாம்.

உதிரி ஜல்லியும் கூழாங்கல்லும் மலிவு, பரப்பிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், தண்ணீரும் நேராக உள்ளே இறங்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் அதை நடைபாதையாகப் போடவே கூடாது. உருண்டை கூழாங்கல் காலடியில் உருளும். அம்மாவின் கைத்தடி அதில் நிற்காது. குழந்தைகள் எடுத்து எறிவார்கள், இலை விழுந்தால் பெருக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு இடத்துக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. மாடியிலிருந்தோ சன்ஷேடிலிருந்தோ மழைநீர் சொட்டி விழுகிற சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு முக்கால் ஜல்லி (முக்கால் அங்குல ஜல்லி) பரப்பிவிடுங்கள். சேறு தெறித்துச் சுவர் கறையாவது அன்றோடு நிற்கும்.

பேவர் பிளாக் இயற்கைக் கல் இல்லை, இருந்தாலும் எல்லோரும் கடைசியில் அதில்தான் போய் நிற்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஒரே அளவில் வருவதால் வேகமாகப் போடலாம், பெயர்த்துத் திரும்பப் போடலாம், வண்டி நிறுத்தும் இடத்துக்குக் குறை சொல்ல முடியாது. நிறம் மூன்று நாலு வருடத்தில் மங்கிவிடுகிறது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டுக் கருங்கல் அழகு கூடுகிற மாதிரி இதில் கூடாது. கையில் இருக்கும் பணம் அவ்வளவுதான் என்றால், முழுக் கொல்லைக்கும் பேவர் போடுவதைவிடப் பாதிக்குக் கருங்கல் போட்டுவிட்டு மீதியை மண்ணாகவே விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி அடித்தளம். கல்லைவிட இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

எனக்கு வேலை செய்த மேஸ்திரி பெரியவர், கடலூர் முதுநகர்க்காரர். முதல் நாளே சொன்னார்: "தண்ணிய கல்லு மேல ஓட விடாதீங்கம்மா, கல்லுக்குக் கீழ ஓட விடுங்க." அப்படிச் செய்ய, கான்கிரீட்டுக்குப் பதிலாகத் தூசி கலக்காத முக்கால் ஜல்லி நாலு அங்குலம், அதன்மேல் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி ஒன்றரை அங்குலம், அதன்மேல் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி, அதையும் சிப்ஸால் நிரப்பினோம். 300 சதுர அடிக்கு முக்கால் ஜல்லி ஒரு யூனிட் (100 கன அடி), சிப்ஸ் அரை யூனிட். கல்லின் கனத்தையும் சேர்த்து ஏழரை அங்குலம் தோண்ட வேண்டியிருந்தது. வெளியே வரும் மண்ணே கிட்டத்தட்ட இரண்டு யூனிட். அதை எங்கே கொட்டுவது என்று தோண்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் செய்யவில்லை; ஒரு வாரம் வாசல் அடைத்துக் கிடந்தது.

சிலர் ஜல்லியோடு கிரஷர் தூளைக் கலந்து கெட்டியாக இடிக்கச் சொல்வார்கள். கல் அசையாது, உண்மைதான். தண்ணீரும் இறங்காது. தூசி இல்லாத ஜல்லியில் பத்துக்கு நாலு பங்கு வெற்றிடம் இருக்கும். என் கொல்லையில் அந்த இடுக்குகளில் மட்டும் 1,100 லிட்டர் நிற்கும். 4 சென்டிமீட்டர் மழையை அதுவே வாங்கிக்கொள்கிறது.

அதற்கு மேல் பெய்தால்? இங்கேதான் மண் பேச ஆரம்பிக்கிறது. களிமண் நிலத்தில் ஜல்லியை மட்டும் போட்டு விட்டுவிட்டால், அது கல்லுக்கு அடியில் ஒரு தொட்டி மாதிரி ஆகிவிடும். தண்ணீர் நின்று மண்ணைக் குழைத்து, கல் ஒவ்வொன்றாக இறங்கும். அதனால் தோண்டிய மண் தரைக்கே வாட்டம் கொடுக்க வேண்டும், மேலே கல்லுக்கும் அதே வாட்டம். 50 அடிக்கு ஒரு அடி என்பது கணக்கு. என் 15 அடிக்கு மூன்றரை அங்குலம் வந்தது. வாட்டம் முடிகிற மூலையில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மூன்றடி விட்டமுள்ள சிமெண்டு உறை இறக்கி உறிஞ்சுகுழி வெட்டினோம். எங்களுக்கு ஏழாவது அடியில் களி முடிந்து மணல் வந்தது. மணல் வந்தவுடன் குழிக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது, ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. குழியும் நிரம்பிவிட்டால் தெருவடிகாலுக்குப் போக மேல்மட்டத்தில் நாலு அங்குலக் குழாய். 2003லிருந்தே தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடிக் குழாயையும் அதே குழியில் சேர்த்துவிட்டோம்.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும், களி மேலே ஏறி இடுக்கை அடைக்காமல் இருக்க. அதற்குப் பதிலாக உரச்சாக்கு, தார்ப்பாய் எதையும் விரிக்காதீர்கள், தண்ணீரை மறித்துவிடும். ஓரக் கற்கள் நகராமல் இருக்க, கொல்லையைச் சுற்றி வெளிவிளிம்பில் மட்டும் அடியில் கொஞ்சம் கான்கிரீட் அணை கொடுத்தோம். மொத்த வேலையிலும் சிமெண்டு பட்டது அங்கேயும் உறையிலும்தான்.

போன ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கடந்துவிட்டன. அடுப்படிப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. நாலு கல் லேசாக ஆடியது. கடப்பாரையால் நெம்பி, அடியில் ஒரு கூடை சிப்ஸ் தள்ளி, அரை நாளில் சரிசெய்தோம். கோரை முளைக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மாதத்துக்கு ஒரு காலை உட்கார்ந்து பிடுங்குகிறேன். கல் இடுக்கில் பாம்பு வரும் என்று பயமுறுத்தினார்கள். இடுக்கைச் சிப்ஸால் நிறைத்துவிட்டால் உள்ளே பதுங்க இடமே இல்லை. பாம்பும் தேளும் தேடுவது மூலையில் மாதக்கணக்காகக் கிடக்கும் உடைந்த கல் குவியலையும் விறகுக் கட்டையையும்தான். வேலை முடிந்ததும் மிச்சக் கல்லை அப்புறப்படுத்துங்கள்.

வேப்பமரத்தைச் சுற்றி நாலடிக்குக் கல் போடாமல் மண்ணாகவே விட்டோம். அது பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்ன யோசனை. நல்ல யோசனை.

இதெல்லாம் என் மண்ணுக்கு. தங்கையின் மண் வேறு.

லாஸ்பேட்டை மேட்டு நிலம், செம்மண். விழுகிற மழையில் பெரும்பகுதியைத் தானே குடித்துவிடும். அங்கே தண்ணீர் தேங்குவது பிரச்சினை இல்லை, ஓடுவதுதான். செம்மண்ணில் வேகமாக ஓடுகிற தண்ணீர் எப்படி அறுத்துக்கொண்டு போகும் என்பதைப் பார்க்க ஆரோவில் பக்கத்து ஓடைப் பள்ளங்களே போதும். அவளுடைய கொல்லை பின்சுவர் நோக்கி இரண்டடி சரிகிறது. நான் போட்ட மாதிரியே அந்தச் சரிவில் ஜல்லியும் சிப்ஸும் பரப்பினால், ஒரு பெரிய மழையில் பாதி சிப்ஸ் பின்சுவரோரம் போய்ச் சேர்ந்துவிடும். கடப்பாவைக் கான்கிரீட்மேல் பதித்தாலும் பிரச்சினைதான். சறுக்குமரம் மாதிரி தண்ணீர் வேகம் எடுத்து, கீழ்விளிம்பில் மண்ணைத் தோண்டி, கான்கிரீட்டுக்கு அடியில் பொந்து விழும். பக்கத்து வீட்டில் அந்த ஓரம் இப்போதே தொங்குவதை அவளே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அதனால் அவள் கல்லை யோசிக்கும் முன் நிலத்தை இரண்டு தட்டாகப் பிரிக்க வேண்டும். நடுவில் இரண்டடி உயரத்துக்கு ஒரு கருங்கல் கட்டு. சிமெண்டு இல்லாமல் கல்மேல் கல் அடுக்கினாலே இந்த உயரத்துக்குப் போதும், ஒழுங்காக அடுக்கினால். அடியில் ஒன்றரை அடி அகலம். முதல் வரிசை மண்ணுக்குள் அரையடி புதைந்திருக்க வேண்டும். மேலே போகப் போக மண் பக்கமாகச் சாய வேண்டும், அடிக்கு இரண்டு அங்குலம் சரியாக இருக்கும். மூன்று நாலு அடிக்கு ஒரு நீளக்கல் கட்டின் முழு அகலத்துக்கும் ஊடுருவிப் போக வேண்டும். அதுதான் முன்னையும் பின்னையும் பிணைக்கும். முதுகுப் பக்கம் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே துணி. சிமெண்டு வைத்துத்தான் கட்டுவேன் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்தால், நாலடிக்கு ஒரு நீர்த்துளை விடச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இப்படிப்பட்ட சின்னக் கட்டுகள் சாய்வதற்குப் பெரும்பாலும் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் காரணம். மேலே அகலமான கல்லாகப் பார்த்து மூடிவிட்டால், அது அப்படியே உட்காரும் திண்ணையாகிவிடும். சாயங்காலம் கடல்காற்று வரும்போது எத்தனை பேர் அதில் உட்காருவார்கள் என்று பாருங்கள்!

இரண்டு தட்டும் தனித்தனியாகச் சமமான பிறகு, ஒவ்வொன்றிலும் லேசான வாட்டத்தோடு கருங்கல் பாவலாம். செம்மண் தானே உறிஞ்சும் என்பதால் அவளுக்கு என்னைப்போல ஆழமான உறை தேவைப்படாது. கீழ்த்தட்டின் முடிவில் இரண்டடி அகலத்துக்கு நீளமாக ஒரு ஜல்லி வாய்க்கால் போதும். மேல்தட்டுக்கு மெஷினில் அறுத்த முரட்டு முகப் பலகை, அவள் மாமியார் நடக்கிற இடம் அது. கீழ்த்தட்டுக்குக் கையால் பிளந்ததே போதும். தட்டுகளுக்கு இடையே மூன்று படி. ஒவ்வொன்றும் எட்டு அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது, கால் வைக்க ஒரு அடிக்கு மேல் இடம் வேண்டும்.

தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. மணல் நிலம், தண்ணீர் தானே இறங்கிவிடும், உறிஞ்சுகுழிக் கவலை இல்லை. துணியும் ஓர அணையும் இல்லாவிட்டால் ஜல்லி மணலில் புதைந்துவிடும். கடல் மணலைச் சும்மா கிடைக்கிறதே என்று கலவைக்கோ கல்லுக்கு அடியிலோ பயன்படுத்தாதீர்கள். உப்பு மேலே பூத்துக் கல்முகம் பொரியும். கலவைக்கு உப்புக்கரிக்கிற போர் தண்ணீரும் வேண்டாம். மணற்கல் பக்கமே போகாதீர்கள்.

கல் வாங்கப் போகும்போது பழைய வீடு இடிக்கிறவர்களிடமும் ஒரு தடவை விசாரியுங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வீடுகளிலிருந்து வரும் கருங்கல் வாசற்படிகள், துவைகற்கள், திண்ணைப் பலகைகள் இன்று குவாரியில் கிடைக்காத அகலத்தில் இருக்கும். தலைமுறைக் கணக்கில் கால் பட்டுத் தேய்ந்த முகம், ஆனால் வழுக்காது. என் கொல்லை வாசலில் இருப்பது அப்படி வந்த ஐந்தடிக் கல். நாலு பேர் சேர்ந்து இறக்கினோம்.

ஆக, தங்கைக்கு என் பதில் இது. வெயிலும் மழையும் படுகிற இடம் முழுவதும் கருங்கல், ஜல்லிமேல், சிமெண்டு இல்லாமல். அதற்கு முன்னால் அந்தக் கருங்கல் கட்டு. பணம் இந்த வருடம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அந்தக் கல்கட்டு ஒன்றை மட்டும் கட்டிவிட்டு, பாவுவதை அடுத்த மாசிக்கு வைத்துக்கொள்ளலாம். கடப்பாவும் அவளுக்கு வேண்டும், ஆனால் ஒரே இடத்தில்: பின்வாசல் ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே, 12 அடிக்கு 8 அடி. வெயில் இல்லை, மழை இல்லை, மாமியார் மாலையில் கீரை ஆய உட்காருகிற இடம். அங்கே கான்கிரீட் போட்டாலும் கெடுதி இல்லை, அந்தத் தரைக்கு மழைத்தண்ணீரே வருவதில்லை.

அதற்கு அவள் கல் வாங்க வேண்டியதும் இல்லை. 2025ல் பெயர்த்தபோது என் 75 கடப்பாவில் 40 பலகை உடையாமல் வந்தன. கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அவளுடைய சார்ப்புக்கு 24 போதும். முதுகில் ஒட்டியிருக்கும் பழைய கலவையை உளியால் தட்டி எடுக்க வேண்டும், அதை நானும் என் பையனும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். மேல்முகத்தில் அந்த ஆசிட் திட்டுகள் இருக்கின்றன. பலகைகளைத் திருப்பிப் போட முடியாது, அடிப்பக்கம் அவ்வளவு மேடுபள்ளம். நிழலில் தெரியாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை, லாரியை அனுப்பு என்கிறாள்.